புது டிவிக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி வேண்டுமா? பில் போடும் முன் பார்க்க வேண்டிய கணக்கு

டிவி பிடித்துப்போய், விலை பேசி முடித்து, பில் கவுண்டருக்கு வந்த பிறகுதான் அந்தக் கேள்வி வரும். "சார், இன்னொரு மூவாயிரம் போட்டா ரெண்டு வருஷம் கூடுதல் வாரண்டி. சேர்த்துடவா?" முப்பதாயிரம் எடுத்து வைத்தவருக்கு மூவாயிரம் பெரிதாகத் தெரியாது. இ.எம்.ஐ.யில் வாங்கினால் இன்னும் மோசம், மாதம் நூற்றுச் சொச்சம்தானே என்று தலையாட்டிவிடுவோம். அந்த இடத்தில் முடிவெடுக்காதீர்கள். கீழே உள்ளதை வீட்டில் உட்கார்ந்து ஒரு முறை பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

படி 1: இலவசமாக வருவது எவ்வளவு?

நம் ஊரில் விற்கும் டிவிகளுக்குக் கம்பெனி வாரண்டி பெரும்பாலும் ஒரு வருடம். சில பிராண்டுகள் இரண்டு வருடம் தருகின்றன. பண்டிகை நேரத்தில் மூன்று வருடம் என்று ஆஃபர் போடுவதும் உண்டு. நீங்கள் வாங்கப்போகும் மாடலுக்கு எவ்வளவு என்று கம்பெனி இணையதளத்தில் பாருங்கள். விற்பனையாளர் "மூணு வருஷம்" என்றால், மொத்தமாக மூன்றா, கம்பெனி வாரண்டி முடிந்த பிறகு மூன்றா என்று கேளுங்கள். கூடுதல் வாரண்டிக்குச் சொல்லும் விலையில் ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

படி 2: வாரண்டி தருவது யார்?

டிவி கம்பெனியே தருவது ஒரு வகை. கடை தன் பெயரில் தருவது இன்னொரு வகை. மூன்றாவது, கடை விற்க, பின்னால் வேறொரு நிறுவனம் பொறுப்பேற்பது. இதில் கம்பெனி தருவதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அதே சர்வீஸ் சென்டர், அதே ஒரிஜினல் பாகங்கள், ஒரே போன் நம்பர்.

மற்ற இரண்டிலும் தேய்மானம் என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். சில திட்டங்களில் ஒவ்வொரு வருடமும் டிவியின் மதிப்பைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். முப்பதாயிரம் ரூபாய் டிவியின் மதிப்பு மூன்றாம் வருடம் பதினெட்டாயிரம் என்று அவர்கள் கணக்கில் இருக்கலாம். அப்போது ரிப்பேர் செலவு இருபதாயிரம் வந்தால், சரிசெய்து தராமல், பதினெட்டாயிரத்துக்கு அதே கடையின் வவுச்சரைக் கொடுத்து முடித்துவிட வழி இருக்கிறது.

படி 3: எது சேராது என்பதை முதலில் படியுங்கள்

திட்டத்தின் பலன்களைக் கடைக்காரரே அழகாகச் சொல்லிவிடுவார். நீங்கள் படிக்க வேண்டியது விதிவிலக்குகள் இருக்கும் பக்கம்.

பிள்ளைகள் பந்தை எறிந்து திரை உடைவது, சுவரில் மாட்டிய டிவி கழன்று விழுவது, இடி மின்னலில் போர்டு போவது, தண்ணீர் இறங்குவது. நாம் பயப்படுவது இவற்றுக்குத்தான். ஆனால் சாதாரண எக்ஸ்டெண்டட் வாரண்டியில் இவை எதுவும் வராது. தானாகப் பழுதானால் மட்டும்தான் அது பேசும். உடைவதற்கும் பாதுகாப்பு வேண்டுமென்றால் அது தனித் திட்டம், விலையும் தனி. ஓ.எல்.இ.டி. டிவி (பின்விளக்கு இல்லாமல் திரையின் புள்ளிகளே ஒளிரும் வகை) என்றால், சேனல் லோகோ போன்ற உருவம் திரையில் நிழலாகத் தங்கிவிடுவது சேருமா என்றும் பாருங்கள். பல திட்டங்களில் சேராது.

சரி, தானாகப் போவது எது? பவர் போர்டு, மெயின் போர்டு, பின்னால் வெளிச்சம் தரும் எல்.இ.டி. பட்டைகள், கடைசியாகப் பேனல், அதாவது படம் தெரியும் திரை. முதல் மூன்றையும் ஊரில் இருக்கும் நல்ல மெக்கானிக் தாங்கக்கூடிய செலவில் சரிசெய்துவிடுவார். பேனல் அப்படியில்லை. கண்ணாடியின் ஓரத்தில் மெல்லிய வளையும் பட்டைகள் ஒட்டப்பட்டிருக்கும். படத்துக்கான சிக்னல் அதன் வழியாகத்தான் கண்ணாடிக்குப் போகிறது. சூட்டிலும் ஈரப்பதத்திலும் அந்த ஒட்டு விட்டுப்போனால் மேலிருந்து கீழாக ஒரு கோடு விழும். கொஞ்ச நாளில் அது நாலாகும். சர்வீஸ் சென்டரில் காட்டினால் பெரும்பாலும் பேனலையே மாற்றச் சொல்வார்கள்.

ஆகவே திட்டத்தில் பேனல் சேர்ந்திருக்கிறதா என்பதுதான் முக்கியமான கேள்வி. வாயால் "சேரும் சார்" என்றால் போதாது, எழுத்தில் காட்டச் சொல்லுங்கள்.

படி 4: பேனல் விலையைக் கேட்டு வகுத்துப் பாருங்கள்

மாடல் எண் டிவியின் பின்பக்க ஸ்டிக்கரிலும் அட்டைப் பெட்டியிலும் இருக்கும். கம்பெனியின் சேவை எண்ணுக்கோ சர்வீஸ் சென்டருக்கோ போன் போட்டு, "இந்த மாடலுக்குப் பேனல் மாற்ற எவ்வளவு ஆகும்?" என்று கேளுங்கள். உங்கள் ஊருக்கு ஆள் வீட்டுக்கே வருவாரா என்பதையும் அதே போனில் கேட்டுவிடலாம்.

உதாரணத்துக்கு, 43 அங்குல டிவி ரூ.30,000, இரண்டு வருடத் திட்டம் ரூ.3,000, பேனல் மாற்ற ரூ.18,000 என்று வைத்துக்கொள்வோம். 3,000-ஐ 18,000-ஆல் வகுத்தால் ஆறில் ஒன்று. இப்படி ஆறு டிவி வாங்கினால் அதில் ஒன்றுக்காவது அந்த இரண்டு வருடத்தில் பேனல் போனால்தான் கொடுத்த காசு சரியாகும். திட்டத்தில் பேனல் இல்லை, போர்டு மட்டும்தான், அதன் செலவு ரூ.5,000 என்றால் ஐந்தில் மூன்று டிவி பழுதாக வேண்டும். அவ்வளவு மோசமான டிவியை வாங்கவே கூடாது.

படி 5: முடிவு

பேனல் சேராத திட்டம் எந்த விலைக்கும் வேண்டாம். 32 அங்குலம், 43 அங்குலம் என்ற அளவில் வாங்குபவர்களுக்கும் பெரும்பாலும் வேண்டாம் என்பதே என் கருத்து. அந்த மூவாயிரத்தைத் தனியாகப் போட்டு வையுங்கள். டிவி பழுதானால் ரிப்பேருக்கு உதவும், ஆகாவிட்டால் உங்கள் பணம் உங்களிடமே இருக்கும்.

லட்சத்தைத் தாண்டும் 65 அங்குல டிவி, ஓ.எல்.இ.டி., கடலோர ஊரில் உப்புக்காற்றுப் படும் வீடு, திடீரென்று பெரிய செலவு வந்தால் சமாளிக்க முடியாத குடும்பம் என்றால் கம்பெனியின் சொந்தத் திட்டத்தை யோசிக்கலாம். அதையும் அன்றே வாங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. முதல் வாரண்டி முடிவதற்குள் வாங்கிக்கொள்ளப் பல கம்பெனிகள் விடுகின்றன. அதற்குள் டிவி எப்படி ஓடுகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஆன்லைனில் வாங்கினால், பணம் கட்டும் முன் கூடையை ஒரு முறை சரிபாருங்கள். நீங்கள் கேட்காத ஒன்றைத் தானாகச் சேர்த்துவிடுவதை மத்திய அரசு 2023-இல் கொண்டுவந்த வழிகாட்டுதல்கள் தடை செய்கின்றன. கடையில் "வாரண்டி போட்டாதான் இந்த விலை" என்று கட்டாயப்படுத்தினால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குச் சொல்லலாம்.

படி 6: வேண்டாம் என்றாலும் செய்ய வேண்டியவை

நல்ல ஸ்பைக் கார்டு (மின்சாரம் திடீரென்று எகிறினால் டிவியைக் காக்கும் பிளக் பலகை) ஒன்று வாங்கி மாட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கும்போது பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, டிஷ் அல்லது கேபிள் வயரையும் டிவியிலிருந்து கழற்றுங்கள். அந்த வழியாகவும் மின்னல் உள்ளே வரும். அப்புறம், கடையில் பளிச்சென்று தெரிய வைத்திருந்த பிக்சர் மோடை மாற்றி, பேக்லைட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். சூடு குறைந்தால் எல்.இ.டி. பட்டைகள் கூடுதல் நாள் உழைக்கும்.

கடை பில் வெப்பத்தாளில் அடித்ததாக இருந்தால் சில மாதங்களில் எழுத்து மங்கிவிடும். பில், பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள சீரியல் எண், வாரண்டி அட்டை மூன்றையும் அன்றே போட்டோ எடுத்து உங்கள் மெயிலுக்கே அனுப்பி வையுங்கள். கம்பெனி வாரண்டி முடிவதற்கு ஒரு மாதம் முன்னால் போனில் ஒரு நினைவூட்டலும் போட்டுவிடுங்கள். அன்று இருண்ட ஒரு படத்தையும் முழு வெள்ளைத் திரையையும் ஓடவிட்டு, கோடு, கறை, ஒரு பக்கம் மட்டும் மங்கல் என்று ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் உடனே புகார் பதிவு செய்து, அந்த எண்ணைக் குறித்து வையுங்கள்.