பிரஷர் அட்டையிலிருந்து தொடங்கும் வகுப்பு

மருத்துவ உதவியும் முதியோர் எழுத்தறிவு வகுப்பும் ஏற்பாடு செய்யப் போகிறீர்களா? இரண்டையும் பிரிக்காதீர்கள். ஒரே கூடம், ஒரே மாலை போதும். நான் செவிலியர். "படிக்க வாங்க" என்று கூப்பிட்டால் வெட்கப்பட்டு ஒதுங்குகிறவர்கள், "பிரஷர் பார்த்துக்கலாம், வாங்க" என்றால் வந்துவிடுகிறார்கள். அப்படி வந்தவர்களைத்தான் வகுப்பில் உட்கார வைக்கிறேன். வாரம் ஒரு நாள், வேலை முடிந்து ஆட்கள் திரும்பும் நேரமாகப் பார்த்து வையுங்கள். வைத்தபின் மாற்றாதீர்கள்.

முதல் நாளே கண்ணைப் பார்த்துவிடுங்கள். நாற்பதைத் தாண்டினாலே வெள்ளெழுத்து, அதாவது கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவது, தலைகாட்டத் தொடங்கிவிடும். "இந்த வயசுல எனக்கு எங்கே படிப்பு ஏறப்போகுது" என்பவரிடம் ஊசியையும் நூலையும் கொடுத்துக் கோக்கச் சொல்லுங்கள். கையை நீட்டி, தலையைப் பின்னுக்கு இழுத்தால் சிக்கல் கண்ணில்தான். +1 முதல் +3 வரை பவரில் ஆயத்தமாகக் கிடைக்கும் வாசிப்புக் கண்ணாடிகள் சிலவற்றை வாங்கி வைத்தால் பலருக்கு அதுவே போதும். கண்ணாடி போட்டும் மங்கலாகத் தெரிந்தால், அல்லது தூரத்தில் இருப்பதும் தெரியவில்லை என்றால், கண் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

பிரஷர் பார்ப்பதில் அவசரம் கூடாது. முதுகைச் சாய்த்து, கால் மேல் கால் போடாமல், பாதம் தரையில் படும்படி ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். அதற்கு முந்தைய அரைமணி நேரத்தில் காபி, டீ, புகை கூடாது. கருவியின் பட்டையைச் சட்டைக் கையின் மேல் சுற்றாமல் வெறுங்கையில் சுற்றுங்கள். கை இதயத்தின் மட்டத்தில் இருக்கட்டும். ஒரு நிமிடம் விட்டு இரண்டு முறை பாருங்கள். வெவ்வேறு நாட்களிலும் 140/90 அல்லது அதற்கு மேல் காட்டினால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். 180/120-ஐத் தாண்டி, நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ ஒரு பக்கம் கைகால் சோர்வோ இருந்தால், அப்போதே மருத்துவமனை. மருந்து எழுதுவது மருத்துவரின் வேலை. அதில் நாம் கைவைக்கக் கூடாது.

அந்த ஐந்து நிமிடம் பேசவும் கூடாது. அதனால் வாராவாரம் பிரஷர் எண்ணை எழுதிவைக்கும் அவரவர் அட்டையைக் கையில் கொடுத்து, போன வாரத்து எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்வேன். அளந்து முடித்ததும் புது எண்ணை அவரே எழுத வேண்டும். ஒரு பாட்டி 8 எழுதச் சொன்னால் குட்டி வட்டத்தைப் பெரிய வட்டத்தின் மேல் உட்கார வைப்பார். வைக்கட்டுமே, படிக்க முடிகிறது. ஆக, பாடம் எண்களில் தொடங்குகிறது. பெரியவர்களுக்கு உடனே பயன்படுவதும் அதுதான்: போன் நம்பர், மாத்திரையின் காலாவதித் தேதி, எத்தனை வேளை.

அப்புறம் எழுத்து. அ, ஆ என்று வரிசையாக ஒப்பிக்க வைத்தால் கொட்டாவிதான் வரும். 1963-இல் பிரேசிலின் ஆஞ்சிகோஸ் ஊரில் கல்வியாளர் பவுலோ பிரெய்ரே, தொழிலாளர்களின் அன்றாடச் சொற்களை எடுத்து, அசை அசையாகப் பிரித்துப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். நமக்கும் அது நன்றாகவே ஒத்துவருகிறது. நான் 'வலி'யில் தொடங்குவேன். வ வரிசை, ல வரிசை இரண்டும் பிடிபட்டால் வலை, விலை, வேலை, வேலி, வால் எல்லாம் தானாக வந்துவிடும். யானைப் படம் போட்ட குழந்தைப் புத்தகம் மட்டும் வேண்டாம்; பெரியவர்களுக்குக் கூச்சமாக இருக்கும்.

கொஞ்சம் படிக்க வந்ததும் வயிற்றுப்போக்குக் கரைசலைப் பாடமாக்குங்கள்: சுத்தமான தண்ணீர் ஒரு லிட்டர், சர்க்கரை தலைதட்டிய ஆறு தேக்கரண்டி, உப்பு தலைதட்டிய அரைத் தேக்கரண்டி. கடையில் விற்கும் ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல் தூள்) பொட்டலம் கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. வகுப்பிலேயே படித்துக் கலக்கச் சொல்லுங்கள். உப்பு கூடினால் ஆபத்து என்பதால் 'அரை' என்ற சொல்லில் நான் பிடிவாதமாக நிற்பேன்.

செலவைக் குறைக்க ஜெனரிக் மருந்து, அதாவது கம்பெனிப் பெயர் இல்லாமல் வரும் அதே மருந்து, உண்டா என்று மருத்துவரிடமே கேளுங்கள். கட்டணம் ஏதும் வாங்கினால் பலகையில் எழுதுவதோடு விடாமல் வாயாலும் சொல்லுங்கள். பலகையைப் படிக்கத் தெரியாதவர்கள்தானே வந்திருக்கிறார்கள்! யாருடைய பிரஷர் எண்ணையும் கூட்டத்தில் சத்தமாகப் படிக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்று யாராவது சொன்னால், காசநோய்ப் பரிசோதனைக்குக் கூடவே ஓர் ஆளைத் துணைக்கு அனுப்புங்கள். சீட்டை மட்டும் எழுதிக் கொடுத்தால் அது பெரும்பாலும் சட்டைப்பையிலேயே கிடக்கும்.