மாநாட்டுப் பேராளருக்கு விலக்குரிமை: அரசுகள் கோட்டை விடும் இடங்கள்

வெளிநாட்டுப் பேராளர்கள் வருகிறார்கள், விலக்குரிமை, அதாவது கைது, வழக்கிலிருந்து பாதுகாப்பு, தருவதாக அரசிதழில் ஓர் அறிவிக்கை போட்டுவிட்டால் அவர்களை யாரும் தொட முடியாது என்று நினைப்பதுதான் முதல் தவறு. பின்னால் இருக்கும் சட்டம் தராத ஒன்றை அமைச்சரின் கையெழுத்து தந்துவிடாது.

தென்னாப்பிரிக்கா இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. 2015 ஜூனில் ஜோகன்னஸ்பர்க்கில் ஆப்பிரிக்க ஒன்றிய உச்சி மாநாடு. ஒன்றியத்தோடு போட்ட ஒப்பந்தத்தை 2001ஆம் ஆண்டின் தூதரக விலக்குரிமைச் சட்டத்தின்கீழ் அரசிதழில் வெளியிட்டார்கள். பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தின் பிடியாணை தலைமேல் தொங்கிக்கொண்டிருந்த சூடான் அதிபர் ஒமர் அல் பஷீரும் வந்து இறங்கினார். அவர் நாட்டை விட்டுப் போகக் கூடாது என்று ஜூன் 14 அன்று பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் தடை போட்டது. மறுநாள் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அவருடைய விமானம் வாட்டர்க்ளூஃப் விமானப்படைத் தளத்திலிருந்து பறந்துவிட்டது.

2016 மார்ச்சில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த ஒப்பந்த வாசகத்தை வார்த்தை வார்த்தையாகப் பார்த்தது. ஒன்றிய ஆணையத்தின் உறுப்பினர்கள், ஊழியர்கள், அரசுகளுக்கிடையிலான அமைப்புகளின் பேராளர்கள் என்றுதான் அதில் இருந்தது. உறுப்பு நாட்டின் தலைவர் அந்த நாட்டுக்குத்தான் பேராளர், ஏதோ ஓர் அமைப்புக்கு அல்ல. அதனால் அவர் அந்த வரிக்குள் வரவே இல்லை. போதாததற்கு, பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய ரோம் சாசனத்தை நடைமுறைப்படுத்த 2002இல் அந்த நாடே கொண்டுவந்த சட்டம் வேறு குறுக்கே நின்றது. அறிவிக்கை எழுதுபவர் யாருக்கு, எந்தக் கூட்டத்துக்கு, எந்தத் தேதி வரை என்பதோடு, வேறு எந்தச் சட்டம் இதோடு முட்டும் என்பதையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.

அப்புறம், சம்பவம் நடந்த பிறகு விலக்குரிமை கொடுப்பது. 2017 ஆகஸ்டில் ஜோகன்னஸ்பர்க் ஓட்டல் ஒன்றில் ஓர் இளம்பெண்ணை அடித்ததாக ஜிம்பாப்வே அதிபரின் மனைவி கிரேஸ் முகாபே மீது புகார் வந்தது, அவர் அதை மறுத்தார். சில நாட்களில் தென்னாப்பிரிக்க வெளியுறவு அமைச்சர் அவருக்கு விலக்குரிமை அறிவித்தார், அவரும் ஊர் திரும்பிவிட்டார். 2018 ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. புகார் கொடுத்த பெண்ணின் இடத்திலிருந்து பார்த்தால் இது எவ்வளவு பெரிய அநியாயம் என்று தெரியும்.

இன்னொன்று, மாநாட்டுக்கு வரும் பேராளரையும் நிரந்தரத் தூதரையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது. தூதருக்கு 1961 வியன்னா உடன்படிக்கையின்படி குற்ற வழக்குகளிலிருந்து முழு விலக்கு உண்டு. ஐ.நா. கூட்டத்துக்கு வரும் பேராளருக்கு 1946 உடன்படிக்கை தருவது அதைவிடக் குறுகலானது: கைது செய்யக் கூடாது, சொந்தப் பெட்டியைப் பறிமுதல் செய்யக் கூடாது, பேராளராகப் பேசியதற்கும் எழுதியதற்கும் செய்ததற்கும் வழக்கு கூடாது. இந்தக் கடைசிப் பாதுகாப்பு மட்டும் பொறுப்பு முடிந்த பிறகும் பேச்சுக்கும் செயலுக்கும் தொடரும். இதெல்லாம் அவருடைய சொந்த நன்மைக்காக அல்ல என்று அந்த உடன்படிக்கையே சொல்கிறது. விலக்கைக் கைவிடும் அதிகாரமும் அவரை அனுப்பிய நாட்டிடம்தான். சொந்த நாட்டு அதிகாரிகளிடம் இந்தக் கவசம் செல்லாது.

இந்தியாவிலும் இரண்டுக்கும் தனித்தனிச் சட்டம்தான், தூதரகங்களுக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டம், ஐ.நா.வுக்கு 1947ஆம் ஆண்டுச் சட்டம். மற்ற பன்னாட்டு அமைப்புகளுக்கும் அவற்றின் பிரதிநிதிகளுக்கும் மத்திய அரசு அறிவிக்கை மூலம் சலுகையை நீட்டிக்க 1947 சட்டத்தின் 3ஆம் பிரிவு வழி செய்கிறது. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் கொடுக்கிறோம் என்று தெரியாமல் வரைவைத் தொடவே கூடாது.

2023 மே மாதம் பிரிக்ஸ் கூட்டங்களுக்காகத் தென்னாப்பிரிக்கா மறுபடியும் இப்படி ஓர் அறிவிக்கை போட்டபோது, எந்தப் பன்னாட்டு நீதிமன்றம் பிறப்பித்த பிடியாணையையும் இது செல்லாததாக்காது என்று அந்நாட்டு வெளியுறவுத் துறையே சொல்லிவிட்டது. அந்த ஆகஸ்டில் ஜோகன்னஸ்பர்க் உச்சி மாநாட்டில், பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தின் பிடியாணை இருந்த ரஷ்ய அதிபர் புடின் காணொலியில்தான் பேசினார்.