பைத்தான் மெய்நிகர் சூழல் மக்கர் செய்தால்: எங்கே பார்ப்பது, எப்படிச் சரிசெய்வது

நேற்றுவரை ஓடிய நிரல் இன்று காலை 'நோ மாட்யூல் நேம்டு ரிக்வெஸ்ட்ஸ்' (ரிக்வெஸ்ட்ஸ் என்ற தொகுப்பு இல்லை) என்று சொல்லி நின்றுவிடும். அந்தத் தொகுப்பை நிறுவியது நன்றாக நினைவிருக்கும். மறுபடி நிறுவப் போனால் 'ஏற்கெனவே இருக்கிறது' என்று பதில் வரும். பைத்தான் கற்கத் தொடங்கியவர்கள் பலர் மனம் தளர்வது இந்த இடத்தில்தான். பெரும்பாலும் தவறு நிரலில் இருக்காது. ஒரே கணினியில் இரண்டு மூன்று பைத்தான்கள் இருக்கின்றன. நிறுவியது ஒன்றில், ஓட்டுவது இன்னொன்றில். ஒரு வேலைக்கான தொகுப்புகளைத் தனியே வைத்துக்கொள்ளும் இடம்தான் மெய்நிகர் சூழல், சுருக்கமாகச் 'சூழல்'.

கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள்.

முதல் படி: சூழல் என்பது ஒரு கோப்புறை

'பைத்தான்3 -எம் வென்வ் .வென்வ்' (python3 -m venv .venv) என்று தட்டினால் '.வென்வ்' என்ற கோப்புறை உருவாகும். விண்டோஸில் 'பைத்தான்3' என்பதற்குப் பதில் 'பை' (py) என்று தொடங்கினால் போதும். 2012இல் வெளியான 3.3 பதிப்பிலிருந்து இந்த வசதி பைத்தானுடனேயே வருகிறது. டெபியன், உபுண்டு போன்றவற்றில் 'பைத்தான்3-வென்வ்' என்ற தொகுப்பை ஆப்ட் என்ற நிறுவும் கருவி மூலம் தனியாக நிறுவ வேண்டியிருக்கும்.

அந்தக் கோப்புறைக்குள் 'பைவென்வ்.சிஎஃப்ஜி' என்று ஒரு சிறிய கோப்பு இருக்கிறது. அதை ஒருமுறை திறந்து பாருங்கள். நாலைந்து வரிகள்தான். 'ஹோம்' என்று தொடங்கும் வரியில் தாய்ப் பைத்தான், அதாவது சூழலை உருவாக்கிய பைத்தான், இருக்கும் இடம் எழுதியிருக்கும். சூழல் முழுப் பைத்தானையும் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை. தாய் வீட்டை நம்பித்தான் வாழ்கிறது. பின்னால் வரும் சிக்கல்களில் பாதிக்கு விடை இந்த ஒரு வரியில் இருக்கிறது.

இரண்டாம் படி: எந்தப் பைத்தான் என்று கேளுங்கள்

சூழலை இயக்க லினக்ஸிலும் மேக்கிலும் 'சோர்ஸ் .வென்வ்/பின்/ஆக்டிவேட்', விண்டோஸில் '.வென்வ்\ஸ்கிரிப்ட்ஸ்\ஆக்டிவேட்'. விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல் 'ஸ்கிரிப்டுகளை ஓட்ட அனுமதி இல்லை' என்று மறுத்தால், 'செட்-எக்ஸிக்யூஷன்பாலிசி -ஸ்கோப் கரன்ட்யூசர் ரிமோட்சைன்ட்' என்று ஒருமுறை தட்டினால் போதும்.

இயக்கியதும் வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சூழலின் பெயர் தோன்றும். அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். பைத்தானிடமே கேளுங்கள் ('-சி' என்பது -c):

பைத்தான் -சி "இம்போர்ட் சிஸ்; பிரிண்ட்(சிஸ்.எக்ஸிக்யூட்டபிள்)"

விடையாக வரும் பாதையில் '.வென்வ்' இருந்தால் நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள். '/யூஎஸ்ஆர்/பின்' என்று வந்தால் வெளியே நிற்கிறீர்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், நான் இதில் ஒரு மாலை முழுவதையும் இழந்திருக்கிறேன். 'பயிற்சி' என்ற கோப்புறையின் பெயரை 'கணக்கு' என்று மாற்றினேன். சூழல் அதற்குள் இருந்தது. ஆக்டிவேட் செய்தேன், பெயரும் தோன்றியது. ஆனால் ஒரு தொகுப்பும் கிடைக்கவில்லை. ஆக்டிவேட் கோப்பைத் திறந்து பார்த்த பிறகுதான் விளங்கியது: பழைய முகவரி அதற்குள் முழுதாக எழுதப்பட்டிருந்தது. இல்லாத இடத்தில் பைத்தானைத் தேடி, கிடைக்காமல், கணினியின் பொதுப் பைத்தானையே அது எடுத்துக்கொண்டிருந்தது. 'பின்' கோப்புறையில் இருந்த 'பிப்' (தொகுப்புகளை நிறுவும் கருவி) கோப்பின் முதல் வரியிலும் அதே பழைய முகவரிதான். அதை நேரடியாக ஓட்டினால், கண்ணெதிரே இருக்கும் கோப்பையே 'அப்படி ஒன்று இல்லை' என்கிறது.

சூழலை இடம் மாற்றக் கூடாது, பெயர் மாற்றக் கூடாது, இன்னொரு கணினிக்கு நகலெடுக்கவும் கூடாது.

மூன்றாம் படி: பிப்பைத் தனியாக அழைக்காதீர்கள்

'பிப் இன்ஸ்டால்' என்று தட்டினால் எந்தப் பைத்தானின் பிப் ஓடுகிறது என்பது உறுதியில்லை. 'பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் ரிக்வெஸ்ட்ஸ்' என்று தட்டுங்கள். எந்தப் பைத்தான் நிரலை ஓட்டுகிறதோ அதிலேயே தொகுப்பும் சேரும். இந்த ஒரு பழக்கம் எத்தனையோ தலைவலிகளைத் தவிர்க்கும்.

டெபியன் 12, உபுண்டு 23.04 முதலான பதிப்புகளில் 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்' என்ற பிழை வந்தால், நீங்கள் சூழலுக்கு வெளியே இருக்கிறீர்கள் என்று பொருள். அந்தத் தடையை மீற ஒரு வழி இருக்கிறது; அதைத் தொடாதீர்கள். கணினியின் சொந்தக் கருவிகள் பல அந்தப் பொதுப் பைத்தானை நம்பி ஓடுகின்றன.

நான்காம் படி: பழுது பார்க்காமல் புதிதாகக் கட்டுங்கள்

இயங்குதளத்தைப் புதுப்பித்ததும் தாய்ப் பைத்தான் 3.10இலிருந்து 3.12க்கு மாறியிருக்கலாம். பழைய தொகுப்புகள் '3.10' என்ற கோப்புறையிலேயே கிடக்கும். புதியது அங்கே எட்டிப் பார்க்காது. விண்டோஸில் 'நோ பைத்தான் அட்' என்று ஒரு பாதையைக் காட்டி நின்றால், தாய்ப் பைத்தான் அந்த இடத்தில் இல்லை.

முதலில் தொகுப்புகளின் பட்டியலை மீட்டெடுங்கள் (விண்டோஸில் '.வென்வ்\ஸ்கிரிப்ட்ஸ்\பைத்தான்' என்று தொடங்குங்கள்): '.வென்வ்/பின்/பைத்தான் -எம் பிப் ஃப்ரீஸ் > ரிக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி'. கோப்புறையின் பெயர் மாறியிருந்தாலும் இப்படி முழுப் பாதையோடு அழைத்தால் இது வேலை செய்யும். தாய்ப் பைத்தானே மாறிவிட்டது என்றால், சூழலுக்குள் தொகுப்புகள் இருக்கும் 'சைட்-பேக்கேஜஸ்' கோப்புறையைத் திறந்து பெயர்களைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். பட்டியல் கைக்கு வந்ததும் 'டீஆக்டிவேட்' என்று வெளியே வந்து, '.வென்வ்' கோப்புறையை அழித்துவிட்டு, முதல் படியில் சொன்னபடி புதிதாக உருவாக்குங்கள். உள்ளே நுழைந்து 'பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் -ஆர் ரிக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி' என்றால் எல்லாம் திரும்ப வந்துவிடும். உங்கள் நிரல்களை மட்டும் ஒருபோதும் '.வென்வ்' உள்ளே வைக்காதீர்கள். அழிக்கும்போது அவையும் போய்விடும்.

இன்னும் ஓடவில்லையா?

டெர்மினலில் ஓடி, விஎஸ் கோட் என்ற நிரல் எழுதும் செயலியில் ஓடவில்லை என்றால், அது வேறு பைத்தானைப் பிடித்திருக்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (P) மூன்றையும் சேர்த்து அழுத்தி, 'பைத்தான்: செலக்ட் இன்டர்ப்ரிட்டர்' என்பதில் '.வென்வ்' உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் 'ரிக்வெஸ்ட்ஸில் கெட் என்று ஒன்று இல்லை' என்ற பிழை வந்தால், நீங்கள் எழுதும் கோப்பின் பெயரைப் பாருங்கள். அதற்கு 'ரிக்வெஸ்ட்ஸ்.பை' என்றே பெயர் வைத்திருந்தால், பைத்தான் தொகுப்பைத் தேடிப் போகாமல் உங்கள் கோப்பையே எடுத்துக்கொள்ளும். வேறு பெயர் வைத்து மறுபடி ஓட்டிப் பாருங்கள்.