ஆற்று மீனுக்காக முக்குளிக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெர்ஹெந்தியான், தியோமான் தீவுகளில் ஸ்கூபா உரிமம் எடுத்த பிள்ளைகள் இப்போது நம் தோட்டப் பட்டணங்களிலும் இருக்கிறார்கள். கோலகுபு பாருவில் அவர்கள் “அண்ணே, நம்ம ஆத்து மீனுக்கு ஏதாவது செய்யணும்” என்று வந்து கேட்கும்போது மனம் நிறைகிறது. கெலா, தெங்காஸ் என்ற ஆற்று மீன்கள் பாதுகாக்கப்படும் சிலிங் ஆறு நமக்குப் பக்கத்தில்தான் ஓடுகிறது. ஆனால் ஆய்வாளர்கள் தன்னார்வலரிடம் எதிர்பார்ப்பது நம்பக்கூடிய கணக்கு. அதைக் கெடுக்கும் தவறுகளை முதலில் சொல்கிறேன்.

எல்லாவற்றிலும் பெரியது, தெரியாத மீனுக்குத் தெரிந்த பெயரை எழுதிவிடுவது. சின்ன வயதுக் கெலாவும் தெங்காசும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கீழுதட்டின் நடுவில் சின்னதாக ஒரு சதைமடல் இருந்தால் கெலா, இல்லையென்றால் தெங்காஸ். ஓடுகிற தண்ணீரில், வாயை ஆற்றோட்டத்துக்கு எதிரே திருப்பி நிற்கும் குஞ்சின் உதட்டைத் தள்ளியிருந்து பார்த்துவிட முடியாது. அதனால் “கெலா அல்லது தெங்காஸ்” என்றே பலகையில் எழுதுங்கள், கூடவே படம் எடுங்கள். செபாரா என்ற மீனுக்கு இந்தச் சிக்கல் இல்லை. முதுகுத் துடுப்புக்குக் கீழே இறங்கும் கருப்புப் பட்டையே காட்டிக் கொடுத்துவிடும்.

ஒரே மீனை மூன்று தடவை எண்ணுவதும் அடிக்கடி நடக்கும். கூட்டம் சுற்றிச் சுற்றி வரும்போது கூட்டிக்கொண்டே போகாதீர்கள். ஒரே பார்வையில் அதிகபட்சம் எத்தனை தெரிந்தனவோ அதைக் குறியுங்கள். மீனே தென்படாத நாளை எழுதாமல் விடுவதும் தவறு. பூஜ்யமும் ஒரு கணக்குத்தான். நேரம், நீரின் தெளிவு, மழை பெய்ததா என்பவற்றோடு அதையும் எழுத வேண்டும். பாவுங் இரவில் இரை தேடும் மீன். பகலில் முங்கிவிட்டு “இங்கே பாவுங் இல்லை” என்று முடிவு கட்டக்கூடாது.

இடுப்பளவு ஆற்றுக்குக் காற்றுத் தொட்டி எதற்கு? குமிழிச் சத்தத்துக்கே மீன் ஓடிவிடும். முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் போட்டு, சில நிமிடம் அசையாமல் கிடந்துவிட்டு எண்ணத் தொடங்கினால் போதும்.

தொட்டி தேவைப்படும் இடங்கள் ஏரிகளும் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளும்தான். அங்கே கடல் பழக்கம் கைகொடுக்காது. கடல்நீர் நன்னீரைவிடச் சுமார் 2.5 சதவீதம் கனமானது. உடலும் கருவிகளும் சேர்ந்து 100 கிலோ வருகிறவர் கடலில் மூழ்குவதற்காக இடுப்பில் கட்டிய ஈய எடையில் ஏறத்தாழ 2.5 கிலோ குறைக்க வேண்டும். குறைக்காமல் இறங்கினால் நேரே சேற்றில் போய் உட்காருவார். துடுப்பு ஒருமுறை பட்டாலே குட்டை தே தாரே (பால்தேநீர்) நிறத்துக்கு மாறிவிடும். அன்றைய கணக்கு அதோடு சரி; அடியில் மீன் முட்டை இருந்தால் அதன்மேலும் சேறு படியும். கரையோரத்திலேயே எடையைச் சரிபார்த்துக்கொண்டு, தவளை போல் காலை விரித்து உதைக்கப் பழகுங்கள். செந்நிறக் குஞ்சுக் கூட்டம் மேலே எழுந்தால் கீழே தோமான் காவல் நிற்கிறது என்று பொருள். விலகிப் போய்விடுங்கள். பாய்ந்து கடிக்கக்கூடிய மீன் அது. அதைக் கலைத்துவிட்டால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும்.

இங்கே வெயில் அடிப்பதை வைத்து ஆற்றை நம்பாதீர்கள். மலையில் மழை பெய்தால் கெப்பாலா ஆயர் என்ற திடீர் வெள்ளம் சொல்லாமல் வரும். தண்ணீர் கலங்குவதும், சருகும் சுள்ளியும் மிதந்து வருவதும், மேலே இரைச்சல் கேட்பதும் அதன் அடையாளங்கள். கருவியைப் பொறுக்கிக்கொண்டிருக்காமல் உடனே மேட்டுக்கு ஏறுங்கள். போவதற்கு முன்பே தோட்டத்துப் பெரியவர்களிடமும் ஓராங் அஸ்லி பழங்குடி மக்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பால்மரம் வெட்டிய காலத்திலிருந்து இந்த ஆற்றைப் பார்த்தவர்களுக்கு எந்த வளைவு ஆபத்து என்பது தெரியும். காலில் புண் இருந்தால் இறங்க வேண்டாம். பிறகு காய்ச்சல் வந்தால் ஆற்றில் இறங்கியதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எலிக் காய்ச்சலாக இருக்கலாம்.

நம் ஊருக்கென்றே ஓர் ஆபத்து உண்டு. முக்குளித்துவிட்டு அப்படியே காரை எடுத்துக்கொண்டு பிரேசர் மலைக்குப் போவது. மலையின் உயரம் 1,200 மீட்டருக்கு மேல். காற்றழுத்தம் குறையும்போது இரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழிகளாக மாறக்கூடும். விமானம் ஏறுவதற்கு உள்ள விதியையே மலைக்கும் கடைப்பிடியுங்கள்: ஒருமுறை முங்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பலமுறை என்றால் 18 மணி நேரம்.

குட்டையில் நனைந்த உடையோடு அடுத்த ஆற்றில் இறங்காதீர்கள். சேற்றைத் தேய்த்துக் கழுவி, முழுவதும் காயவிட்ட பிறகே எடுங்கள். குட்டி நத்தையும் ஆகாயத்தாமரைத் துண்டும் இப்படித்தான் இடம் மாறுகின்றன. ஆற்றுக்கு நல்லது என்று நினைத்து கடையில் வாங்கிய மீனை விடுவது அதைவிடக் கேடு. சிலாங்கூர் ஆறுகளில், மீன்தொட்டிக்கு வாங்கும் பண்டாராயா மீனைப் பிடித்து அகற்றவே இன்று தன்னார்வலர்கள் பாடுபடுகிறார்கள்.

கெலா கிலோ நூற்றுக்கணக்கான ரிங்கிட்டுக்கு விலைபோகிறது. நல்ல படம் கிடைத்த மகிழ்ச்சியில் இடத்தின் பெயரோடு முகநூலில் போட்டால், அடுத்த வாரமே வலையும் மின்சாரக் கம்பியும் அங்கே வந்துவிடலாம். படத்தில் பாறை, பாலம், பெயர்ப்பலகை தெரிந்தாலும் இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். இடக்குறிப்பு ஆய்வாளரிடம் மட்டும் இருக்கட்டும்.

அனுமதி இல்லாமல் எங்கும் இறங்காதீர்கள். ஆறுகள் மாநில அரசின் பொறுப்பு; காட்டுக்குள் என்றால் வனத்துறையையும் கேட்க வேண்டும். அணைத் தேக்கம் நாம் குடிக்கும் தண்ணீர், அதற்குக் கண்டிப்பாக அனுமதி வேண்டும். மீன்வளத்துறைக்கு ஜெலெபு வட்டாரத்தின் கிளாமி லெமியில் நன்னீர் மீன் ஆய்வு நிலையம் உண்டு. முங்குவதற்கு முன்பே அங்கேயோ ஒரு பல்கலைக்கழக ஆய்வாளரிடமோ பேசி, எந்த மீன், எந்த மாதம், எப்படி எண்ண வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். படிவத்தையும் அவர்களிடமே வாங்கிக்கொள்ளுங்கள்.