வீட்டிலேயே எளிய கேக் பாப்: முதன்முறை செய்பவர்களுக்கான செய்முறை

கேக் பாப் செய்வதற்கென்று தனியாகக் கேக் சுட வேண்டியதில்லை. பிறந்தநாளுக்கு வாங்கி மீந்த வெண்ணிலா கேக், பேக்கரியில் கிடைக்கும் சாதாரண டீ கேக், மேற்புறம் வெடித்ததால் பரிமாறாமல் எடுத்து வைத்த கேக் என எதுவாக இருந்தாலும், அதை உதிர்த்து, சிறிது ஈரப்பசை சேர்த்து உருட்டி, குச்சியில் செருகி, உருக்கிய சாக்லேட்டில் தோய்த்தெடுத்தால் போதும். ஆயினும் முதன்முறை செய்பவர்களில் பலருக்கு உருண்டை குச்சியிலிருந்து நழுவி விழுகிறது, அல்லது சாக்லேட் பூச்சு இறுகிய சற்று நேரத்தில் கீறல் விடுகிறது. இவ்விரண்டுக்கும் பெரும்பாலும் காரணம், கலவையில் ஈரம் மிகுவதும், உருண்டைக்கும் சாக்லேட்டுக்கும் இடையே வெப்பநிலை அதிகம் வேறுபடுவதும்தான். ஆகவே இந்த விளக்கத்தில் அவ்விரு இடங்களில் மட்டும் சற்று நின்று பேசுகிறேன்.

தேவையான பொருள்கள்

ஏறத்தாழ 12 கேக் பாப் செய்வதற்கு, கிரீம் இல்லாத கேக் 300 கிராம், கண்டென்ஸ்டு மில்க் 2 முதல் 4 மேசைக்கரண்டி, காம்பவுண்டு சாக்லேட் 250 கிராம், மணமற்ற தேங்காய் எண்ணெய் 1 தேக்கரண்டி, காகிதக் குச்சிகள் 12, மேலே தூவ வண்ண ஸ்பிரிங்கில்ஸ் அல்லது பொடியாக நறுக்கி வறுத்த முந்திரி ஆகியவை வேண்டும்.

சாக்லேட்டைப் பொறுத்தவரை, தொடக்கத்தில் காம்பவுண்டு வகையே நல்லது. அசல் சாக்லேட்டில் உள்ள கோகோ வெண்ணெய் பளபளப்பாக இறுக வேண்டுமானால், அதை உருக்கிக் குளிரவைத்து மீண்டும் இளஞ்சூட்டுக்குக் கொண்டுவரும் டெம்பரிங் என்ற வேலையை வெப்பமானியின் உதவியோடு செய்ய வேண்டும். காம்பவுண்டில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு இருப்பதால், உருக்கித் தோய்த்தாலே அது தானாக இறுகிவிடும். கண்டென்ஸ்டு மில்க்கே போதுமான இனிப்பைத் தந்துவிடுவதால், வெள்ளை, மில்க் வகைகளைவிட டார்க் காம்பவுண்டுதான் சுவையைச் சமன்செய்யும் என்பது என் கருத்து.

குச்சிகளைக் காகிதத்தில் வாங்குங்கள். மிட்டாய்க்கான பிளாஸ்டிக் குச்சிகள் 2022 ஜூலை 1 முதல் இந்தியாவில் தடை செய்யப்பட்டுள்ளன. பல்குத்தும் குச்சிகளின் முனை கூராக இருப்பதால், குழந்தைகளுக்குத் தரும் பண்டத்தில் அவற்றைச் செருகவே கூடாது.

உதிர்த்தலும் பிசைதலும்

கேக் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். கிரீம் பூசிய கேக்காக இருந்தால் கிரீமை முற்றிலும் வழித்தெடுத்துவிட்டு, பழுப்பேறித் தடித்திருக்கும் ஓரங்களையும் நீக்கிவிடுங்கள். அந்த ஓரங்கள் உதிர்ந்தாலும் மென்மையாகாமல் உருண்டைக்குள் கட்டியாகவே தங்கும். மிக்ஸியில் ஓட்டினால் கேக் பசையாகிவிடக்கூடும் என்பதால், அகலமான பாத்திரத்தில் போட்டு விரல் நுனிகளால் ரவை போல் உதிர்ப்பதே நல்லது.

இப்போது 2 மேசைக்கரண்டி கண்டென்ஸ்டு மில்க்கை மட்டும் ஊற்றிப் பிசையுங்கள். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டை பிடிபட வேண்டும். அதை இரண்டாகப் பிட்டால் விரலில் ஒட்டாமல், உதிராமல் பிட்டுக்கொண்டு வர வேண்டும். உதிர்ந்தால் மேலும் அரை மேசைக்கரண்டி சேர்த்து மறுபடியும் இதே சோதனையைச் செய்யுங்கள். வெண்ணெய் மிகுந்த டீ கேக்குக்கு 2 மேசைக்கரண்டியே போதுமானதாக இருக்கும். உலர்ந்த ஸ்பாஞ்ச் கேக்குக்கு 4 வரை தேவைப்படலாம். அதனால்தான் எந்தச் செய்முறையில் சொன்ன அளவையும் ஒரே தடவையில் கொட்டிவிடக் கூடாது. ஈரம் மிகுந்துவிட்டால் கலவை கனத்து, குச்சியைப் பற்றிக்கொள்ளும் வலுவை இழந்துவிடும். உண்ணும்போதும் சரியாக வேகாத மாவைக் கடிப்பது போன்ற உணர்வே மிஞ்சும். கை தவறி ஈரம் கூடிவிட்டால், உதிர்த்த கேக்கையோ பொடித்த மேரி பிஸ்கட்டையோ சேர்த்துப் பதத்தை மீட்கலாம்.

கண்டென்ஸ்டு மில்க்குக்குப் பதிலாகப் பட்டர் கிரீமும் பயன்படுத்தலாம். அடித்த விப்பிங் கிரீமை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அது கலவையை நெகிழச் செய்வதோடு வெகுவிரைவில் கெட்டும்போகும்.

உருட்டுதலும் குளிரவைத்தலும்

ஒவ்வோர் உருண்டையும் 28 முதல் 30 கிராமுக்குள், பெரிய நெல்லிக்காய் அளவில் இருக்கட்டும். அதைவிடப் பெரிதானால் குச்சி தாங்காது. முதலில் உள்ளங்கையில் வைத்து நன்றாக அழுத்திவிட்டு, பிறகு வெடிப்பில்லாமல் வழவழப்பாக உருட்டுங்கள். தட்டில் அடுக்கி மூடி, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் 30 நிமிடம் வையுங்கள். ஃப்ரீசரில் வைக்காதீர்கள். உறைந்த உருண்டையின் மீது சூடான சாக்லேட் பட்டதும் அது உடனே இறுகிக்கொள்கிறது. பின்னர் உள்ளிருக்கும் கேக் குளிர் விட்டு விரியும்போது, விரிந்துகொடுக்க இயலாத பூச்சு கீறிவிடுகிறது. குளிர்சாதனப் பெட்டியில் வெகுநேரம் இருந்துவிட்ட உருண்டைகளையும் வெளியே எடுத்துப் பத்து நிமிடம் வைத்திருந்த பிறகே தோய்க்க வேண்டும்.

சாக்லேட் உருக்குதல்

ஒரு பாத்திரத்தில் சிறிது நீரைக் கொதிக்கவைத்து அடுப்பை அணைத்துவிட்டு, அதன் மேல், அடிப்பாகம் நீரைத் தொடாதவாறு மற்றொரு பாத்திரத்தை வைத்து, அதில் நறுக்கிய சாக்லேட்டையும் எண்ணெயையும் போட்டுக் கிளறுங்கள். மைக்ரோவேவ் அடுப்பானால் 30 விநாடிக்கு ஒருமுறை வெளியே எடுத்துக் கிளற வேண்டும். ஒரு துளி நீர் கலந்தாலும் சாக்லேட் திரிதிரியாகக் கெட்டியாகிவிடும் என்பதால், பாத்திரம், கரண்டி, கை எல்லாவற்றையும் துடைத்து உலர்த்திக்கொள்ளுங்கள். அப்படித் திரிந்ததை மீண்டும் தோய்க்கப் பயன்படுத்த முடியாது; சூடான பாலில் கரைத்துக் குடித்துவிடலாம்.

தேங்காய் எண்ணெய் பூச்சை மெலிதாக்கி வழுக்கலாக ஓடவிடுகிறது. ஆனால் அது ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸிலேயே உருகும் எண்ணெய் என்பதால், அளவு கூடினால் நம் ஊர் வெயிலில் பூச்சு கடைசி வரை விரலில் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

உருகிய சாக்லேட்டைக் குறுகலான, உயரமான கண்ணாடித் தம்ளரில் ஊற்றுங்கள். வெளிப்புறத்தைத் தொட்டால் வெதுவெதுப்பாக, அதாவது ஏறத்தாழ 40 டிகிரியில் இருக்க வேண்டும். அதைவிடச் சூடாக இருந்தால் உருண்டை இளகிக் குச்சியை விட்டுவிடும்.

குச்சி செருகுதலும் தோய்த்தலும்

குச்சியின் முனையை ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சாக்லேட்டில் தொட்டு, உருண்டையின் பாதி ஆழம் வரை செருகுங்கள். மறுபுறம் வரை செருகிவிட்டால் உருண்டை வழுக்கிக்கொண்டு இறங்கும். எல்லாவற்றுக்கும் செருகி முடித்து, முனையிலுள்ள சாக்லேட் இறுகும் வரை பத்து நிமிடம் காத்திருங்கள். குச்சியையும் கேக்கையும் பிணைக்கும் பசை அந்தச் சாக்லேட்தான்.

பிறகு உருண்டையைத் தலைகீழாகப் பிடித்து, குச்சி நுழையும் இடமும் மூழ்கும்படி நேராக இறக்கி, நேராகவே தூக்குங்கள். தம்ளருக்குள் சுழற்றவோ கிளறவோ கூடாது. அப்படிச் செய்தால் உருண்டை கழன்று அடியில் தங்கிவிடும். ஓரிடத்தில் பூச்சு படவில்லையென்றால் தேக்கரண்டியால் சாக்லேட்டை மொண்டு அங்கே ஊற்றினால் போதும். தூக்கியபின் குச்சியைச் சாய்த்துப் பிடித்து, மறுகையால் மணிக்கட்டை மெல்லத் தட்டியபடி குச்சியைத் திருப்பிக்கொண்டே இருந்தால், மிகுதியான சாக்லேட் சொட்டிவிடும். குச்சி நுழையும் இடத்தில் துளையிருந்தால் அதன் வழியே எண்ணெய் கசியும் என்பதால், அதை மூடியிருக்கிறோமா என்று ஒவ்வொன்றிலும் பாருங்கள்.

ஈரம் காய்வதற்குள் ஸ்பிரிங்கில்ஸ் தூவிவிடுங்கள். நிற்கவைப்பதற்கு, அரிசி நிரப்பிய ஆழமான டப்பாவோ, கவிழ்த்து வைத்த துளையுள்ள வடிதட்டோ போதும். கோடைக்காலத்தில் ஐந்து நிமிடம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து இறுகவிடலாம்.

பத்திரப்படுத்துதல்

காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மூன்று நாட்களுக்குள் உண்டுவிடுவது நல்லது. வெளியே எடுத்தவுடன் மூடியைத் திறந்தால் பூச்சின் மேல் நீர் முத்துமுத்தாக வியர்த்து, வண்ணத் தூவல் கரைந்து வழியும். ஆகவே டப்பாவை மூடியபடியே அரை மணி நேரம் வெளியில் வைத்துவிட்டுத் திறங்கள். மிகச் சிறிய குழந்தைகளுக்குத் தரும்போது குச்சியை நீக்கி, உருண்டையைத் துண்டுகளாக்கி ஊட்டுங்கள்.