உயரத்தை வாயால் கேட்டால் நுரையீரல் கணக்குப் பிழைக்கும்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் புதிதாக ஸ்பைரோமீற்றர், அதாவது ஊதும் காற்றை அளக்கும் கருவி, தொடுகிறவர்கள் ஊதவைப்பதில் விடும் பிழையைப் பெரும்பாலும் கருவியே காட்டிக்கொடுக்கும். எதிர்பார்ப்பு அளவுக்காக, அதாவது அதே உயரமும் வயதுமுள்ள ஆரோக்கியமானவர் ஊதக்கூடிய அளவைக் கணக்கிட, நாம் அடித்துக்கொடுக்கும் இலக்கம் பிழையென்றால் அது வாய் திறக்காது.

உயரம்

"அம்மா, உயரம் எவ்வளவு?"

"அஞ்சடி ரெண்டங்குலம் இருக்கும், மிஸ்ஸி."

உடனே 157.5 என்று பதிகிறார்கள். சுவரோடு நிறுத்தினால் 151. அம்மா பொய் சொல்லவில்லை. பிள்ளை வயிற்றில் இருந்தபோது கிளினிக் கார்ட்டில் எழுதியதைச் சொல்கிறார்; அதன்பின் யாரும் அளக்கவில்லை. எத்தனை தரம் சொன்னாலும் திருந்தாத பிழை இது.

2012 ஜி.எல்.ஐ. (உலக நுரையீரல் செயற்பாட்டு முன்முயற்சி) சமன்பாட்டில் பெண்களின் எப்.வி.சி., அதாவது மூச்சை முழுதாக இழுத்து ஊதிவிடும் காற்றின் அளவு, உயரத்தின் ஏறத்தாழ 2.26 ஆம் அடுக்கில் ஏறுகிறது. 151 ஐ 157.5 என்று போட்டால் உயரம் 4.3 சதவீதம் கூடும், எதிர்பார்ப்பு ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். எதிர்பார்ப்பில் 82 சதவீதம் ஊதியவர் அறிக்கையில் 75 ஆகிவிடுவார். ஒரு நோயுமில்லாத மனுசி மேலதிகப் பரிசோதனைக்கென்று யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறுவார்.

செருப்பைக் கழற்றச் சொல்லுங்கள், கொண்டையையும் அவிழ்க்கச் சொல்லுங்கள். உச்சிக்கொண்டை தலைமேல் வைக்கும் அளவுப் பலகையைத் தூக்கும். பின்கொண்டை தலையைச் சுவரிலிருந்து முன்னே தள்ளும். பாதங்கள் சேர்ந்திருக்க, குதியும் முதுகும் சுவரில் பட, பார்வை நேரே இருக்கவேண்டும். சுவரடியில் சீமெந்து விளிம்பு துருத்தினால் குதி படாது, வேறு சுவர் பாருங்கள். 0.1 சென்றிமீற்றர் வரை பதியுங்கள்.

போரில் கால் இழந்தவர்கள் இங்கே அரிதல்ல. நிமிர்ந்து நிற்க முடியாதவருக்கு இரு கைகளையும் தோள்மட்டத்தில் விரித்து, நடுவிரல் நுனியிலிருந்து நுனிவரை அளவெடுங்கள். அந்த நீளத்தை அப்படியே உயரமென்று போடக்கூடாது. உயரமாக மாற்றிப் போட்டு, எப்படி எடுத்ததென்று அறிக்கையில் குறிப்பிடுங்கள்.

நிறை

பதியுங்கள். ஜி.எல்.ஐ. கணக்கில் அதற்கு இடமில்லை.

வயது

பிறந்த திகதி. "நாற்பது இருக்கும்" வயதல்ல.

இனப்பிரிவு

"ஆசியா" என்ற சொல்லைக் கண்டதும் தென்கிழக்காசியாவைத் தட்டுகிறார்கள். 2012 தொகுப்பில் அது தாய்லாந்து, தென்சீனம் போன்றவற்றின் தரவு. தெற்காசியாவுக்குத் தனிப்பிரிவே இல்லை. 2022 ஜி.எல்.ஐ. உலகச் சமன்பாட்டில் இனம் கேட்பதே இல்லை. கருவியில் இருந்தால் அதைப் பாவியுங்கள். எதைப் பாவித்தாலும் அறிக்கையில் பெயர் இருக்கட்டும்.

80 சதவீதம்

எதிர்பார்ப்பில் 80 சதவீதத்துக்குக் கீழே என்றால் குறைவு என்பார்கள். எல்லைக்கோடு அதுவல்ல, ஆரோக்கியமானவர்களின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகல் என்று காட்டும் இசட் பெறுமானம் −1.64. வயதான பெண்கள் பலர் 80 இற்குக் கீழேயும் சுகமாக இருப்பார்கள்.

"ஆரோக்கியமானவர்"

உள்ளூர் ஆரோக்கியமானவர்களை அளந்து சமன்பாடு உருவாக்குகிறவர்கள் புகைப்பழக்கம் இல்லை என்றதும் பெண்ணைச் சேர்த்துவிடுகிறார்கள். சிகரெட்டே தொடாமல் இருபது வருடம் விறகடுப்பில் ஊதியவர் எத்தனை பேர்? அடுப்பு எது, குசினிக்குப் புகைபோக்கி உண்டா என்று கேளுங்கள். 20 முதல் 25 வயதுப் பல்கலைக்கழகப் பிள்ளைகளை அளந்து வந்த கோட்டை 60 வயது அம்மம்மா வரை நீட்டவும் வேண்டாம். இருபதுகளின் நடுவில் உச்சம் தொட்டபின் நுரையீரல் அளவு இறங்கத் தொடங்கும். அந்த இறக்கம் உங்கள் தரவில் இல்லை.