அதிரசம் சட்டியில் பிரிகிறதா? பாகை மட்டும் திட்டாதீர்கள்

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது எங்கள் தெருவில் கேட்கிற புலம்பல் ஒன்றுதான்: "எண்ணெயில போட்டேன், அப்படியே பிரிஞ்சு போச்சுக்கா." உடனே எல்லோரும் பாகைத் திட்டுவார்கள். என்னைக் கேட்டால் பாதித் தப்பு மாவிலேயே நடந்திருக்கும்.

பாக்கெட் அரிசி மாவில் அதிரசம் சுட முயலவே வேண்டாம். அது காய்ந்த மாவு; பாகை எல்லாம் குடித்துவிட்டு வறட்டி மாதிரி நிற்கும். ஈரமாவுதான் வேண்டும். பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நன்றாக வடித்து, பழைய வேட்டியில் நிழலில் பரப்புங்கள். மொட்டை மாடி வெயிலில் போட்டுவிட்டு சீரியல் பார்க்கப் போனால் கதை முடிந்தது. அரிசியை அள்ளினால் கையில் ஒட்ட வேண்டும், உள்ளங்கையில் தண்ணீர் தங்கக் கூடாது. அரைத்துச் சலித்த மாவைப் பிடித்தால் கொழுக்கட்டையாக நிற்கும், தட்டினால் உதிரும். அதுதான் சரியான ஈரம். ஐப்பசி மழை நாளில் அரிசி உலரக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும், கடிகாரத்தை நம்பாதீர்கள்.

ஒரு கிலோ என்றால் மிக்ஸியே போதும். மில்லுக்குக் கொண்டுபோனால் ஈரமாவு மிஷினா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வருஷம் நான் கேட்காமல் கொடுத்துவிட்டேன். மிளகாய் அரைத்த மிஷினிலேயே ஓட்டிவிட்டார்கள். எங்கள் மாமா மட்டும் "சுக்கு தூக்கலா இருக்கு" என்று நான்கு தின்றார்.

அடுத்தது வெல்லம். ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ. பளபளவென்று மஞ்சளாக இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம், அது பெரும்பாலும் ரசாயனம் போட்டு வெளுத்தது. சீனி கலந்த வெல்லத்திலும் பதம் சரியாக வராது. மதுரை கீழமாசி வீதிப் பலசரக்குக் கடைகளில் பாகு வெல்லம் என்று கேட்டு, கருத்ததாகப் பார்த்து வாங்குங்கள். கரைத்து வடிகட்டாமல் விட்டால் கடைசியில் மண்ணைக் கடிக்க வேண்டியதுதான்.

பாகு கொதிக்கும்போது பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள். ஒரு சொட்டு விட்டு விரலால் திரட்டினால், கரையாமல் உருண்டு வர வேண்டும்; அந்த உருண்டை பழுத்த தக்காளி மாதிரி அமுங்க வேண்டும். கரைந்து ஓடினால் இளம்பாகு, அதுதான் சட்டியில் பிரிவது. தட்டில் போட்டால் 'டங்'கென்று சத்தம் வந்தால் கடலை மிட்டாய்க்குப் போய்விட்டது. இரண்டுக்கும் நடுவில் கிடைப்பது ஒன்றிரண்டு நிமிஷம்தான், அப்போது போனை எடுக்காதீர்கள்.

பதம் வந்ததும் அடுப்பை அணைத்து, ஏலக்காய், சுக்கு போட்டு, மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறுங்கள். பழகினவர்களே சறுக்குகிற இடம் இதுதான். சூட்டில் மாவு தளர்வாகத் தெரியும். "இன்னும் ரெண்டு கை போடலாமா?" என்று கை அரிக்கும். போடக் கூடாது. ஆற ஆறத் தானாக இறுகும். இட்லி மாவைவிடக் கெட்டியாக, கரண்டியிலிருந்து மெதுவாக நழுவினால் போதும். மாவில் ஒரு கைப்பிடியை எப்போதும் மிச்சம் வையுங்கள். மறுநாளும் தளர்வாகவே இருந்தால் அப்போது சேர்க்கலாம். இறுகிப்போயிருந்தால் வெதுவெதுப்பான பால் தெளித்துப் பிசையலாம்.

மேலே நெய் தடவி, துணி கட்டி ஒரு நாளாவது வையுங்கள். கிளறின அன்றைக்கே சுட்டால் சரியாக வராது.

சுடும்போது தீ மட்டு. எண்ணெய் புகைந்தால் வெளியே கருகி உள்ளே மாவாகவே இருக்கும். முதலில் ஒன்று மட்டும் தட்டிப் போட்டுப் பாருங்கள், மொத்தத்தையும் தட்டி வைத்துவிட்டுத் தவிக்க வேண்டாம். பொன்னிறம் தாண்டியதும் எடுத்து இரண்டு கரண்டிக்கு நடுவே மெதுவாக அழுத்தி எண்ணெயை வடியுங்கள். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் வியர்த்துக் கெட்டுவிடும்.

எதுவுமே சரிவராமல் சட்டியில் கரைகிறதா? மிச்ச மாவில் ஒரு வாழைப்பழம் பிசைந்து, கொஞ்சம் கோதுமை மாவு சேர்த்துப் பணியாரக் குழியில் ஊற்றிவிடுங்கள். எங்கள் அப்பத்தா அதைத் தட்டில் வைத்து, பணியாரம்தான் சுட நினைத்தது மாதிரியே முகத்தை வைத்துக்கொள்வார்.